மூன்று புள்ளடி

பிராண்டே, டென்மார்க்
27.03.2022

என் அன்புத் தங்கை சரோவுக்கு,

அண்ணியும் நானும் முழங்கால் நோவோடும் இருமலோடும் சுகமாகவே இருக்கிறோம். உங்கள் வீட்டில் இதைவிடக் கூடின சுகம் இருக்கட்டும். போனில் கதைத்தால் நாலாவது நிமிடத்தில் நமக்குள் கொளுவல் வந்துவிடும் என்பதால்தான் வழக்கம்போலப் பேனையை எடுத்தேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

கிளாஸ்கோ நகரசபைத் தேர்தலில் நிற்கிறாயாமே! இதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? நீ இல்லை. புரொண்பியில் இருக்கிற அண்ணியின் தமக்கை. "உங்கட தங்கச்சி எலெக்சன் கேக்கிறாவாம், உங்களுக்குத் தெரியாதோ?" என்று அவ கேட்க, "ஓம் ஓம், எனக்கு முந்தியே தெரியும்" என்று நான் பொய் சொல்ல வேண்டி வந்தது. பரவாயில்லை, கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆனாலும் சரோ, அன்றைக்கு முழுக்க எனக்கு நிலத்தில் கால் படவில்லை. எங்கள் காற்றாடித் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எல்லா டேனிஷ்காரருக்கும் சொன்னேன். அந்த நகரம் பிராண்டேயைவிடப் பெரிதா என்று ஒருவன் கேட்டான். உன் வட்டாரம் ஒன்றே பிராண்டேயை விழுங்கிவிடும் என்றேன்.

இனி அலுவலுக்கு வருகிறேன். உன் வட்டாரத்தில் இருக்கிற எங்கள் வயதுபோன சனம் முக்கால்வாசி என்னை அறிந்தவர்கள். பாதிப்பேரின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் நானே போன் எடுத்து வாக்குக் கேட்கப் போகிறேன். துவாரகன் வழக்கம்போல டேனிஷில், "ஃபா, அங்கத்தைத் தேர்தலில் உங்களுக்கு என்ன வேலை?" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தலில், வெளியே துவக்குகளோடு ஆட்கள் நிற்க, வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக இருந்து பெட்டியைப் பத்திரமாக அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைத்தவன் அவனுடைய அப்பன். பெற்ற பிள்ளைக்குத் தெரியாவிட்டாலும் கிளாஸ்கோவில் இருக்கிற கிழவன் கிழவிகளுக்கு அது தெரியும்.

அங்கே இருக்கிற மரியரட்ணத்திடமும் உதவி கேட்பாய் என்று நினைக்கிறேன். கேள். அன்று என் சாவடியில் பக்கத்திலிருந்து சனத்தின் விரலில் மை பூசியவர்தான். அந்த நாள் சிநேகிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மகள் சாருஜாவின் கலியாணத்துக்கு இங்கே வந்து, ஒரு வாய் சாப்பிடாமல் எழும்பிப் போன மனிதர். அவரை முழுக்க நம்பாதே.

உன் அண்ணா,
சிவபாலன்


கிளாஸ்கோ
08.04.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபம் கொஞ்சம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தைப் பிரிக்கும்போதே சூடு தெரிந்தது. முதலில் சொல்லாதது என் பிழைதான். தோற்றால் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்ற பயத்தில், நிற்பதையே சொல்லாமல் இருந்துவிட்டேன். இவர் சுகம். பிள்ளைகள் இருவரும் எனக்காகக் கதவு கதவாக ஏறி இறங்குகிறார்கள்.

எனக்கு அரசியல் ஆசை இல்லை, அண்ணா. இங்கே புதன்கிழமைகளில் எங்கள் முதியவர்கள் கூடுகிற மண்டபத்தை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் வாய்விட்டுத் தமிழ் கதைக்கிற நாள். மற்ற நாட்களில் தொலைக்காட்சியோடும் மருந்துப் போத்தலோடும் தனியே இருப்பவர்கள். நகரசபை அந்த மண்டபத்தை எடுத்து நடத்தினால் தப்பும். அதைக் கேட்க உள்ளே எங்கள் ஆள் ஒருவர் வேண்டும். வேறு யாரும் முன்வராததால் நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு மரியரட்ணம் அண்ணையிடம்தான் இருக்கிறது. சமைப்பதும் அவர், சட்டி கழுவுவதும் அவர். அவரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. டென்மார்க்கில் லீவு நாள், மண்டபம் கிடைத்தது என்று சாருஜாவின் கலியாணத்தைப் பெரிய வெள்ளிக்கிழமையில் வைத்தவர் நீங்கள். அன்று வேதக்காரர் உபவாசம் அல்லவா? மாதா கோயிலுக்கும் போகாமல் உங்களுக்காகக் கடல் தாண்டி வந்தார். சாப்பிடவில்லை என்பதை மட்டும் இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே வாக்குப் போடுகிற முறை வேறு. ஊரில் போடுகிற மாதிரி X அடையாளம், அந்தப் புள்ளடி, போடக்கூடாது. பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று விருப்பத்தின் ஒழுங்கில் இலக்கம் எழுத வேண்டும். முதலாவதாக எழுதியவர் தேறாவிட்டால் வாக்கு இரண்டாமவருக்குப் போகும். தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறோம், இதோடு வைக்கிறேன். போன் எடுத்தால் அதில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம், அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
சரோஜினிதேவி


பிராண்டே
25.04.2022

வருங்கால நகரசபை உறுப்பினர் அவர்களுக்கு,

பட்டத்தை இப்போதே எழுதிப் பழகுகிறேன், குறை நினையாதே. நாங்கள் சுகம். தோட்டத்தில் அண்ணி வெண்டி விதை போட்டு, டென்மார்க் குளிரோடு வழக்கம்போலச் சண்டை பிடிக்கிறா.

போன் வேலை முடிந்தது. ஒருவரையும் விடவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினால் சோபாவில் இருந்து அதே வேலை. எல்லோருக்கும் என் குரல் ஞாபகம் இருந்தது. "மாஸ்ரரோ? பாலன் மாஸ்ரரோ கதைக்கிறியள்?" என்று ஒரு கிழவி அழுதே விட்டா. இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் என்னை மாஸ்ரர் என்று கூப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

உன் துண்டுப்பிரசுரத்தையும் பார்த்தேன். முதலாமவர் தேறாவிட்டால் இரண்டாமவர், அவர் தேறாவிட்டால் மூன்றாமவர் என்று ஒரு கணக்குப் புத்தகமே அடித்திருக்கிறாய். எண்பது வயதுச் சனத்துக்கு இது விளங்குமா? உனக்கு அனுபவம் போதாது. இது வேறொன்றுமில்லை, எங்கள் ஊர் விருப்பு வாக்குத்தான். மூன்று பேரைத் தெரிவு செய்வது. அதனால் அவர்களுக்குப் பழகின மாதிரியே சொல்லிவிட்டேன்: சரோவுக்கு ஒரு புள்ளடி, அவளுடைய கட்சியில் நிற்கிற மற்றப் பெட்டைக்கு ஒரு புள்ளடி, கோயில் திருவிழாவில் மாலை போட்டுக்கொண்டு நின்ற வெள்ளைக்காரருக்கு ஒரு புள்ளடி. எண்பத்தொன்பதில் போட்ட அதே மூன்று புள்ளடி. "இப்பதான் மாஸ்ரர் விளங்குது, உந்தக் கடுதாசியை வாசிக்கத் தலை சுத்தினது" என்றார்கள்.

வாக்கு இரகசியமானது, மண்டபத்தில் வைத்து ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டாம், உன்னிடம்கூட ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் கட்டளையாகச் சொல்லியிருக்கிறேன். தேர்தல் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும்.

உனக்காக என் ரோசத்தையும் விழுங்கி மரியரட்ணத்துக்கும் எடுத்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாஸ்ரர்" என்றார். வேறொரு சொல் இல்லை. பெரிய வெள்ளி, உபவாசம் என்று எனக்கு அவரே சொல்லியிருக்கலாம்தானே?

தபால் இப்போது இங்கே சரியான சோம்பல். ஆனாலும் தேர்தலுக்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும். வென்றதும் எனக்குத்தான் முதலில் அறிவிக்க வேண்டும்.

பெருமையோடு,
அண்ணா


கிளாஸ்கோ
07.05.2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எடுத்த போனை நான் எடுக்கவில்லை. குறை நினைக்க வேண்டாம். குரலில் சொல்ல என்னால் முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

தோற்றுவிட்டேன். எங்கள் வட்டாரத்தின் கடைசி இடத்துக்கு நானும் இன்னொருவரும் கடைசிவரை இருந்தோம். மிகச் சிறிய வித்தியாசம். முந்தாநாள் வாக்களிப்பு, நேற்றுப் பகல் முழுக்க எண்ணினார்கள். வென்றவர் வந்து கைகொடுத்தார், நல்ல மனிதர்.

எங்கள் சனத்தின் வாக்குகள் நிறையப் பழுதாகிவிட்டன. செல்லாது என்று ஒதுக்கினார்கள். அவை சேர்ந்திருந்தால் நான் வென்றிருப்பேன். இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளைகளுக்குத் தெரியாது.

புதன்கிழமை மண்டபத்தில் அவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

சரோஜினி


பிராண்டே
14.05.2022

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன். அழாதே. நீ தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டாய்.

செல்லாத வாக்கு என்று எழுதியிருக்கிறாய். நான் ஒவ்வொருவருக்கும் பாலர் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். எப்படிப் பழுதாகும்? யாரோ நடுவில் புகுந்து அவர்களைக் குழப்பியிருக்க வேண்டும். புதன்கிழமைகளில் அவர்களுக்கு நடுவில் இருப்பது யார்? திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவது யார்? அவர் நேரடியாகக் கேட்டிருக்கலாம், "பாலன், எனக்கு ஏன் முதலே போன் எடுக்கேல்லை?" என்று. கேட்காமல் இப்படிச் செய்துவிட்டார்.

இதை நான் சும்மா விசாரிக்காமல் எழுதவில்லை. நேற்று அங்கே மூன்று வீட்டுக்கு எடுத்தேன். இரண்டு வீட்டில், "அது ஒண்டுமில்லை மாஸ்ரர், விடுங்கோ" என்று போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் வாய் தவறி, "மரியரட்ணம்தான் பிழையாச் சொல்லிப்போட்டாராம்" என்று சொன்னார். போதுமா?

நேற்றே ஒரு குரல்பதிவு செய்து எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். ஊர்ச்சங்கக் குழு, பழைய மாணவர் குழு, பாரிஸ், ஹொல்ஸ்டெப்ரோ, லண்டன் ஒன்றும் மிச்சமில்லை. பெயர் சொல்லித்தான் சொன்னேன். ஒரு தமிழ்ப் பெண் நகரசபைக்குள் போவதைத் தமிழனே தடுத்தான், மரியரட்ணம் ஒரு துரோகி என்று சொன்னேன். கனடாவில் இருந்துகூட எடுத்துப் பாராட்டினார்கள்.

அண்ணா இருக்கும்வரை உனக்கு ஒருவரும் அநியாயம் செய்ய முடியாது.

உன் அண்ணா,
சிவபாலன்


கிளாஸ்கோ
22.05.2022

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேரே சொல்கிறேன்.

உங்கள் ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதிக் கடிதம் தேர்தல் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. பிரித்து வாசித்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

வாக்கு எண்ணிய இடத்தில் நடந்ததை முன்பு நான் எழுதவில்லை. இப்போது கேளுங்கள். இங்கே இயந்திரம்தான் எண்ணுகிறது. அதற்கு விளங்காத சீட்டுகளைப் பெரிய திரையில் காட்டி, அலுவலர்கள் எங்கள் முன்னால் முடிவு செய்வார்கள். எங்கள் வட்டாரத்தின் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. திடீரென்று ஒன்றில் இலக்கமே இல்லை. மூன்று புள்ளடி. பேனையை நன்றாக அழுத்தி, கட்டத்துக்கு வெளியே ஒரு மயிரிழையும் போகாமல் போட்ட புள்ளடிகள். எனக்கு ஒன்று, எங்கள் கட்சியின் மற்றப் பெண்ணுக்கு ஒன்று, கோயிலுக்கு வந்தவருக்கு ஒன்று. அடுத்ததும் அதே மூன்று பெயர். பிறகும் வந்தது. பிறகும் வந்தது.

எனக்கு என்று ஒரு புள்ளடி இருக்கிறதே, அதையாவது எண்ண முடியாதா என்று கேட்டேன். அந்த அலுவலர் மரியாதையான மனிதர். "இந்த மூன்றில் முதலாவது எது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். யார் அவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். நாலு நாளுக்குப் பிறகு உங்கள் எழுத்திலேயே பதில் வந்தது.

இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் முடிவெடுத்தேன். நீங்கள் எனக்காக ஆசையாகச் செய்தது. ஒரு தேர்தல்தானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இவருக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல்பதிவைக் கேட்ட பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்?

துரோகி என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்களிடையே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? ஊரில் அந்தச் சொல்லை மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு, விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டதைப் பார்த்துவிட்டுத்தானே நாங்கள் இரண்டுபேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்? அந்தச் சொல்லை அறுபது வயது தாண்டின, சனத்துக்குச் சோறு போடுகிற ஒரு மனிதருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

சனம் அவர்மேல் பழி சொல்கிறது என்று எழுதினீர்கள். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். சொன்னவர் நீங்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்ற நான் எழுதவில்லை. ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். அதே குழுக்களில், "நான் சொன்னது பிழை, மரியரட்ணத்தில் ஒரு குற்றமும் இல்லை" என்று சொல்லுங்கள். ஏன், எதற்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சரோஜினி


பிராண்டே
03.06.2022

சரோஜினிதேவிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன்.

தேர்தல் கடமைக்கு அரசாங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் நான். எனக்கு நீ வாக்குப்போடப் படிப்பிக்கிறாய். சரி, அங்கே முறை வேறு என்றே வைத்துக்கொள்வோம். வாக்குச்சீட்டில் எழுதியிருக்கும்தானே? அவர்களுக்குக் கண் இல்லையா? நான் போனில் சொன்னபோது "சரி மாஸ்ரர்" என்று கேட்டுக்கொண்டிருந்த மரியரட்ணம், அங்கேயே இருபது வருடமாக வாக்குப் போடுகிறவர், "இல்லை, இது பிழை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன? தெரிந்துகொண்டே பேசாமல் இருந்ததற்குப் பெயர் என்ன?

குழுவில் போட்டதைத் திருப்பி எடுக்கச் சொல்கிறாய். நாளைக்கு நான் இந்தச் சனத்துக்கு முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பது என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? கூடப்பிறந்தவனைவிட அந்த மனிதர் உனக்குப் பெரிதாகிவிட்டார்.

துவாரகனும் உன் பக்கம்தான் கதைக்கிறான். எல்லோரும் கதையுங்கள்.

சிவபாலன்


கிளாஸ்கோ
30.10.2022

அண்ணாவுக்கு,

ஐந்து மாதம் பொறுத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் குழுவைத் திறந்து உங்கள் குரல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். காலை வணக்கப் பூக்களும் மரண அறிவித்தல்களும்தான் வந்தன.

மண்டபம் விற்றாயிற்று. கடைசிப் புதன்கிழமை மரியரட்ணம் அண்ணை வரவில்லை, திறப்பை மட்டும் மகள் ஸ்ரெபானியிடம் கொடுத்து அனுப்பினார். அவர் முன்பே வெளியே போவதை நிறுத்திவிட்டார். தமிழ்க்கடையில் சாமான் வாங்கப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். கோயில்காரர், வேதக்காரர் என்ற பிரிவு இங்கே இருந்ததே இல்லை. இப்போது அதையும் சிலர் இழுத்துக் கதைக்கிறார்கள்.

போன மாதம் ஸ்ரெபானியின் கலியாணம். முன்வரிசையில் நாங்களும் மாப்பிள்ளை வீட்டாரும் இருந்தோம். பின்னால் கதிரைகள் சும்மா கிடந்தன. வெள்ளைத் துணி உடுத்தி, ரிப்பன் கட்டி வைத்த கதிரைகள், அண்ணா. ஸ்ரெபானி மணவறைக்கு நடந்து போகும்போது அவற்றைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு போனாள். மிஞ்சின சோற்றுச் சட்டிகளைத் தகப்பனே கோட்டோடு தூக்கிக் காரில் ஏற்றினார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "விடுங்கோ தங்கச்சி, இது எனக்குப் பழக்கம்" என்றார்.

இனி இதைக் கேளுங்கள். உங்களிடம் ஒரு ஆள் வாய் தவறிச் சொன்னதாக எழுதினீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் அறிந்தேன். தேர்தலுக்கு அடுத்த புதன்கிழமை, நான் மண்டபத்துக்கு வர முதலே, அவர்கள் தங்களுக்குள் கதைத்து நடந்ததை விளங்கிக்கொண்டார்கள். அப்போது மரியரட்ணம் அண்ணை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்: "பாலன் மாஸ்ரர் சொன்னவர் எண்டு ஒருதரும் வெளியில கதைக்கக்கூடாது. ஆரும் கேட்டால் மரியரட்ணம்தான் பிழையாச் சொல்லிப்போட்டார் எண்டு சொல்லுங்கோ."

நீங்கள் அவரைத் துரோகி என்றது அதற்கு இரண்டு நாளுக்குப் பிறகு.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் போய்க் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, பாலன் அங்க முப்பது வருசமாக் காத்தாடித் தட்டு உரஞ்சிற வேலை. மாஸ்ரர் எண்டு கூப்பிட எங்களை விட்டால் அவருக்கு ஆர் இருக்கினம்? அதையும் புடுங்கிறதோ?"

உங்கள் வாக்கை எப்படிப் போட்டீர்கள் என்றேன். சிரித்தார். "நானும் மூண்டு புள்ளடிதான். வேற மாதிரிப் போட்டுத்தான் பழக்கம். ஆனா மாஸ்ரர் சொன்னாப் பிறகு, இந்த முறை என்னவோ மாத்தியிருக்கினம் எண்டு நினைச்சன்" என்றார்.

உங்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். சத்தியத்தை முறித்துத்தான் எழுதுகிறேன். இதை வாசித்த பிறகும் உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்காவிட்டால், அண்ணா, நான் இனி எழுத மாட்டேன். உங்கள் குரலை மற்றவர்களோடு சேர்ந்து அந்தக் குழுவில் கேட்டால் அதுவே எனக்குக் கடிதம். அதுவரை இங்கத்தை நன்மை தின்மை, கலியாணச் செய்தியோ சாவுச் செய்தியோ, எதுவும் உங்களுக்கு வராது.

அண்ணியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்று சொல்லுங்கள்.

சரோஜினிதேவி


பிராண்டே
14.12.2025

சரோவுக்கு,

மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அண்ணிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நடக்கிறா. நான் வேலையை விட்டுவிட்டேன்.

சூப்பர்மார்க்கெட் வாசலில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த மாதத்தோடு தபால்காரர் கடிதம் கொண்டுவருவதை நிறுத்துகிறார்களாம். வேறு யாரோ தனியார் கொண்டுவருவார்கள் என்கிறான் துவாரகன். எனக்கு அது பிடிபடவில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

போன மாதம் இங்கே கொம்யூன் தேர்தல், இங்கத்தை நகரசபைத் தேர்தல்தான். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் மகேஸ்வரி அக்கா. திரும்பி, "மாஸ்ரர், எத்தினை புள்ளடி போடவேணும்?" என்று கேட்டா. இங்கே ஒரு சீட்டுக்கு ஒன்றுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நான், "அங்க மேசையில கேளுங்கோ அக்கா" என்று கையைக் காட்டினேன். எனக்கு என்ன வந்தது என்று அவ விளங்காமல் பார்த்தா. வாக்கு அட்டையை மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, வாக்குப் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் செய்தேன், சரோ. அண்ணியையும் துவாரகனையும் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு செய்தேன், இல்லாவிட்டால் திரும்ப அழித்துவிடுவேன் என்று தெரியும். நீ கேட்டதைவிடக் கூடவே சொன்னேன். கிளாஸ்கோத் தேர்தலில் சனத்துக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். மரியரட்ணம் நான் சொன்னபடி செய்தவர். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். அவரைத் துரோகி என்று சொன்ன வாய் என் வாய் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, அப்படியே விட்டுவிட்டேன். எல்லாக் குழுவிலும் போட்டேன்.

அந்தக் குழுக்களில் இப்போது பாதிப்பேர் இல்லை. சிலர் பெருவிரல் காட்டினார்கள். பாரிஸ்காரர் ஒருவர் அதற்குக் கீழே காலை வணக்கப் பூ போட்டார். பின்னேரம்போல ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற ஜெரோசன், சின்னப் பெடியன், எழுதினான்: "எந்த மரியரட்ணம் அங்கிள்? கிளாஸ்கோவில போன வருசம் மோசம் போனவரோ?"

உயிரோடு இருந்து இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்த ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

முதலில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. என் குணம் உனக்குத் தெரியும். போனைக் கையில் எடுத்துவிட்டேன். எவ்வளவு பகையாக இருந்தாலும் எங்கள் சனம் சாவைச் சொல்லி அனுப்பும். சொல்லாமல் விட்டால், அந்த வீட்டோடு இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். நீ எனக்குச் சொல்லவில்லை. பிறகு உன் கடைசிக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். நன்மை தின்மை வராது என்று எழுதியிருந்தாய். எழுதியபடி நடந்திருக்கிறாய். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்ரெபானிக்கு நான் எழுதலாமா என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்தக் கதிரைகளை நான் எப்படித் திருப்பி நிரப்புவது?

இதற்கு நீ பதில் போட வேண்டும் என்றில்லை. போட்டாலும் அடுத்த மாதத்திலிருந்து அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் செய்து வைத்திருக்கிறேன். எனக்கு ஏதும் நடந்தால் முதலில் உனக்குத்தான் அறிவிக்க வேண்டும் என்று துவாரகனிடம் சொல்லியிருக்கிறேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். அவன் டேனிஷில்தான் சொல்லுவான். கலியாணத்துக்கு முன் நீ இங்கே என்னோடு இருந்த இரண்டு வருடத்தில் படித்தது மறந்திருக்காது. விளங்கிக்கொள்.

அண்ணா